தாய்லாந்துப் பெண்களிடம் 37 கேள்விகள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பையன் தேறிவிட்டான் என்று படித்ததும்தான் நிம்மதி. மார்பகப் புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை 37 கேள்விகளால் அளக்கும் ஃபேக்ட்-பி வினாத்தாளைத் தாய்லாந்தின் தாய் மொழிக்குக் கொண்டுவரும் குழுவில் சேர்ந்திருக்கிறாயாமே. (அறிக்கையில் 'தாய் மொழி' என்பதைச் சேர்த்து எழுதிவிடாதே, தாய்மொழி ஆகிவிடும்.)

முதலில் அந்த வினாத்தாளை வைத்திருக்கும் ஃபேஸிட் அமைப்பிடம் அனுமதி கேளுங்கள். தாய் மொழிப் பதிப்பு கைவசம் இருந்தால் புதிதாக ஒன்று செய்ய வேண்டாம், இருப்பதை உங்கள் நோயாளிகளிடம் சோதித்தால் போதும். இல்லையென்றால் வழக்கமான பாதைதான்: இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள், மூன்றாமவர் இரண்டையும் ஒன்றாக்குவார், ஆங்கிலம் தாய்மொழியான ஒருவர் மூலத்தைப் பார்க்காமல் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், அப்புறம் வல்லுநர் பார்வை.

இதில் எல்லோரும் அளவுக்கு மேல் நம்புவது அந்தத் திருப்பி மொழிபெயர்ப்பைத்தான். மார்பகப் பகுதியில் 'ஒரு பெண்ணாக என்னை உணர முடிகிறது' என்றொரு வரி உண்டு, ஆங்கிலத்தில் 'feel like a woman'. சொல்லுக்குச் சொல் போட்டால் தாய் மொழியில் 'முவான்' வந்து உட்காரும். அதற்கு 'போல, மாதிரி' என்று பொருள். ஆங்கிலத்துக்குத் திருப்பினால் மூல வரி அச்சு அசலாகத் திரும்பி வரும், குழுவும் 'சரி' போட்டுவிடும். மார்பை இழந்த பெண்ணின் காதிலோ 'நீ பெண் மாதிரி இருக்கிறாயா?' என்று விழும். 'நான் இன்னும் பெண்தான் என்ற உணர்வு இருக்கிறது' என்ற பொருளில் எழுதுங்கள். திரும்பி வரும் ஆங்கிலம் கொஞ்சம் கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

இதைவிட மோசமான கண்ணி உடல்நலப் பகுதியின் முதல் வரியிலேயே இருக்கிறது. தெம்பு இல்லை என்பதை 'மை மீ ரேங்' என்று எழுதத்தான் கை போகும். விடைகள் 0 முதல் 4 வரை. முதல் விடையான 0-வோ 'மை லோய்', அதாவது இல்லவே இல்லை. நம் மொழியிலேயே சொல்லிப் பார்: "தெம்பு இல்லை." "இல்லவே இல்லை." தெம்பு இருக்கிறதா, இல்லையா? சுருண்டு கிடப்பவள் 0-வை வட்டமிடுவாள். எதிர்மறை வரி என்பதால் மதிப்பெண் போடும்போது 4-இலிருந்து அதைக் கழிப்பீர்கள். அவளுக்கு முழு 4 கிடைத்துவிடும். 'மோட் ரேங்', தெம்பு தீர்ந்துபோச்சு, என்று மாற்றினால் 'இல்லை' என்று பொருள்படும் 'மை' வராத வாக்கியமாகிறது, குழப்பமும் போய்விடும்.

பத்துப் பதினைந்து நோயாளிகளிடம் வாசித்துக் காட்டும்போது "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதே. அங்கே 'கிரெங் ஜை' என்பார்கள், அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாதென்ற தயக்கம். எல்லோரும் தலையாட்டுவார்கள். "இந்த வரியை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்", "3 போட்டீர்களே, ஏன் 2 இல்லை?" என்று கேள். மகளோ கணவரோ பக்கத்தில் இருந்தால் விடை அவர்களுடையதாகிவிடும். வடகிழக்கே ஈசான் பக்கத்துப் பாட்டிகளையும் சேர்த்துக்கொள், பாங்காக் பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்யாதே. தானே படித்து எழுதியவர் யார், வாசிக்கக் கேட்டுச் சொன்னவர் யார் என்றும் குறித்து வை.

தாம்பத்திய உறவில் திருப்தியா என்ற வரி நீ பயந்த அளவுக்குத் தொல்லையில்லை. பதில் சொல்ல விருப்பமில்லை என்று குறிக்க மூலத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது, அதை அச்சில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள். வெற்றிடத்தை மட்டும் யாரும் 0 ஆக்கக் கூடாது. 0 என்றால் 'திருப்தியே இல்லை' என்று பொருள், விதவைக்கும் மணமாகாதவளுக்கும் சொல்லாத பதிலை நாம் சொன்னதாகும். இந்த வரி வரும் சமூக, குடும்பப் பகுதியில் 7 வரிகள். 6-க்குப் பதில் வந்து கூட்டல் 18 என்றால், 18-ஐ 7-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்து 21 என்று போட வேண்டும். பாதிக்கு மேல் பதில் இருந்தால்தான் இந்தக் கணக்கு.

பிறந்த ஆண்டை புத்த ஆண்டில்தான் எழுதுவார்கள். 2510 என்று பார்த்துத் திகைக்காதே, 543-ஐக் கழி, 1967. அச்சகத்தில் வரி இடைவெளியைக் குறைக்க விடாதே, எழுத்துக்கு மேல் ஏறும் குறிகள் வெட்டுப்படும். சொற்களுக்கிடையே இடைவெளி இல்லாத எழுத்து வேறு, கணினி நடுச்சொல்லில் வரியை உடைக்கும். ஒவ்வொரு வரியின் முடிவையும் தாய் மொழிக்காரர் ஒருவர் கண்ணால் பார்க்கட்டும்.

வரைவு தயாரானதும் அந்தப் 'பெண்', 'தெம்பு' வரிகள் இரண்டை மட்டுமாவது எனக்கு அனுப்பு. பையனுக்கு என் அன்பு.

உன் பழைய தோழி