தாலுகாவுக்கு ஒரு மனநலச் செவிலியர் வேண்டும்

வேலூர் மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். மாவட்ட மனநலத் திட்டம் எப்படி நடக்கிறது, எந்த ஊருக்கு எந்தக் கிழமை டாக்டர் வருகிறார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். போன அக்கினி நட்சத்திரத்தில் என் தம்பி பட்ட பாட்டைச் சொல்லி, ஒன்றே ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

தம்பிக்குப் பைபோலார் என்கிற இருமுனைக் கோளாறு, மனம் ஒரு சமயம் அளவுமீறிப் பொங்கி, இன்னொரு சமயம் அடியோடு சோர்ந்துபோகிற நோய். அதைக் கட்டுக்குள் வைக்கப் பல வருடமாக லித்தியம் என்கிற மாத்திரை சாப்பிடுகிறான். தறிக்குப் போய் அவன் சம்பளம் கொண்டுவருவது அந்த மாத்திரையால்தான். தகரக் கூரைக்குக் கீழே வேர்த்துக் கொட்டி, கூடவே பேதியும் பிடித்துக்கொண்டது. கை நடுங்கியது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, நாக்கு குழறியது, நடை தள்ளாடியது. பக்கத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். பணியில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "குடிச்சிருக்கானா?" வாயை ஊதச் சொன்னார். குடிப்பழக்கமே இல்லை என்றோம். மறுபடியும் ஊதச் சொன்னார். மருந்துச் சீட்டை நீட்டினேன். "மென்டல் மாத்திரையா, அப்படித்தான் இருக்கும்" என்று திருப்பித் தந்துவிட்டு, உடம்பு வலிக்கு ஒரு ஊசி போட்டு பெஞ்சில் உட்காரவைத்தார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அவன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான்.

உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருந்தால் அது மருந்து, 1.5ஐத் தாண்டினால் விஷம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்ற வலி மருந்துகள் அதை இன்னும் ஏற்றிவிடும். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். இதையெல்லாம் அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு செவிலியர், எங்கள் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். அப்படி ஒருவர் எங்கள் தாலுகாவில் இருந்திருந்தால் பாதி விஷயம் வாசலிலேயே முடிந்திருக்கும்.

பிழைத்து வந்தான். ஆனால் குறைத்துக் கொடுத்த மாத்திரையைக்கூடத் தொட மறுத்தான். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும், தற்கொலை ஆபத்தும் கூடும். ஒரு ராத்திரி, "நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி" என்றான். இதை ஓ.பி.யில் சொன்னபோது, "அதைப் பத்திக் கேட்காதீங்க, கேட்டா தோணிடும்" என்றார்கள். தவறு. சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால்தான் பலர் வாய் திறக்கிறார்கள். கேட்கவும், அவனைத் தனியே விடாதீர்கள் என்று வீட்டாருக்குச் சொல்லவும், மாத்திரையை அவர்கள் பொறுப்பில் கொடுத்து விழுங்கினானா என்று பார்க்கச் சொல்லவும், அடுத்த வாரம் போன் செய்து விசாரிக்கவும் பயிற்சி பெற்ற ஓர் ஆள் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் ஆபத்து அதிகம். அந்த வாரங்களில் எங்களை ஏன் என்று கேட்க நாதியில்லை.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. வருடா வருடம் அக்டோபர் 10, உலக மனநல நாள் அன்று பேனர் பிடித்து நடக்கிறோம். 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து, மூன்று கலெக்டர் ஆபீஸ் வந்துவிட்டது. ஒரு செவிலியருக்கு மட்டும் இடமில்லையா? 14416 என்கிற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் ராத்திரியிலும் பேச ஆள் இருக்கிறார்கள், அந்த ராத்திரி எங்களைத் தாங்கியதும் அந்த எண்தான், நன்றி. ஆனால் ரத்தம் எடுக்கவும் கை நடுக்கத்தைப் பார்க்கவும் போன் மூலம் முடியாதே.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் என்று தாலுகாவுக்கு ஒரு மனநலச் செவிலியரைத் தயவுசெய்து நியமியுங்கள். அதற்கு நாளாகும் என்றால், இப்போது இருக்கிற செவிலியர்களுக்கு லித்தியம் பற்றியும் தற்கொலை எண்ணத்தைக் கேட்டறிவது பற்றியும் அடுத்த சித்திரைக்குள் பயிற்சியாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா