உன் குதிகாலுக்கு ஒரு பதில்

அன்புள்ள மாப்ளே,

உன் வாய்ஸ் மெசேஜ் மூன்றையும் கேட்டேன். பதிலையும் பேசியே அனுப்பிவிடலாம் என்று ஆரம்பித்தேன், பாதியில் கேஸ் சிலிண்டர் வந்தது, அப்புறம் கரண்ட் போனது, மறுபடி பேசினால் எங்கே விட்டேன் என்றே நினைவில்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் வைத்துக்கொண்டு படி.

ஊர்ச் செய்தி ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் மார்க்கெட்டில் நம் பி.டி. மாஸ்டரைப் பார்த்தேன். எண்பது தாண்டிவிட்டது, இன்னும் சைக்கிள்தான். "அந்த ரிலே பயல் என்ன செய்கிறான்?" என்று உன்னைத்தான் கேட்டார். சென்னையில் இருக்கிறான், ஐம்பத்திரண்டு வயதில் ஓட ஆரம்பித்து, பெசன்ட் நகர் பீச் ரோட்டில் தினமும் ஓடி, இப்போது குதிகால் வலியோடு உட்கார்ந்திருக்கிறான் என்றேன். "அவன் அப்பவே வார்ம்-அப் செய்யச் சொன்னால் டீக்கடைக்குப் போய்விடுவான்" என்று சொல்லிவிட்டு பெடலை மிதித்துக் கிளம்பிவிட்டார்.

சரி, உன் குதிகாலுக்கு வருகிறேன். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால், காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடி நொண்டல், அப்புறம் இளகிவிடுகிறது. ஓட ஆரம்பிக்கும்போது வலி, இரண்டாவது கிலோமீட்டரில் காணாமல் போகிறது, மறுநாள் காலையில் வட்டியோடு திரும்பி வருகிறது. இரண்டு மாதம் ஓடாமல் ரெஸ்ட் எடுத்தாய், போய்விட்டது என்று நினைத்து மறுபடி ஷூவை மாட்டினால் மூன்றாம் நாளே பழைய குருடி கதவைத் திறடி. இது எனக்கும் வந்ததுதான், ஐந்து வருஷத்துக்கு முன்பு. அச்சு அசலாக இதே கதை. எனக்கு இங்கே ஒரு டாக்டர் மூன்று மாதம் ரெஸ்ட் என்றார், எடுத்தேன். அந்த மூன்று மாதத்தில் வளர்ந்தது தொப்பை மட்டும்தான்.

ஊரில் நாம் குதிகால் நரம்பு என்று சொல்வது நரம்பே கிடையாது. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கிற தசைநாண், அக்கிலிஸ் டெண்டன். உடம்பிலேயே தடித்த நாண் அதுதான். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு இழுப்பை அது தாங்குகிறது. உன் எண்பத்தி நான்கு கிலோவை நீயே பெருக்கிப் பார்த்துக்கொள்.

இந்த நாணைப் பற்றி ஒரு ஆராய்ச்சி இருக்கிறது, படித்த அன்றிலிருந்து உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தார்கள் அல்லவா, அதனால் காற்றில் கார்பன்-14 எக்கச்சக்கமாக ஏறியது. 1963-இல் ஒப்பந்தம் போட்டுப் பெரும்பாலும் நிறுத்திய பிறகு வருஷா வருஷம் மெல்ல இறங்கியது. காற்றில் இருப்பது பயிருக்குப் போய், பயிரிலிருந்து நம் உடம்புக்கு வருகிறது. ஒரு திசு புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அதில் இந்த வருஷத்து அளவு இருக்கும். புதுப்பிக்காமல் அப்படியே கிடந்தால், அது உருவான வருஷத்தின் அளவு அதில் உறைந்து நிற்கும். டென்மார்க்கில் இறந்தவர்களின் அக்கிலிஸ் நாணை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டார்கள், 2013-இல் வெளியிட்டார்கள். சதை புதுப்பித்துக்கொள்கிறது. நாணின் உட்பகுதியோ பதினேழு வயது வாக்கில் கட்டி முடித்ததோடு சரி, அதற்குப் பிறகு ஏறக்குறைய மாறவே இல்லை.

அதாவது மாப்ளே, இன்றைக்கு உனக்கு வலிக்கிற அந்த நாண், வ.உ.சி. மைதானத்தில் நாம் சோனல் போட்டிக்கு 4×400 ஓடிய நாண்தான். நீ எனக்குப் பேட்டனைக் கொடுக்காமல் கீழே போட்டாயே, அன்றைக்கு உன் காலில் இருந்த அதே கயிறு. முடி போச்சு, பல்லில் இரண்டு போச்சு, அது மட்டும் ப்ளஸ் டூ படித்துக்கொண்டே இருக்கிறது.

இதைக் கேட்டவுடன் உனக்கு என்ன தோன்றும் என்று தெரியும். "புதுசாகாத பொருளை அழுத்தக் கூடாது, பத்திரமாக வைக்க வேண்டும்." நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நடந்தது நேர்மாறு. அதற்கு ஸ்வீடன் போக வேண்டும்.

ஸ்வீடனின் வடக்கே உமியோ என்று ஒரு ஊர். அங்கே ஹோகன் ஆல்ஃப்ரட்சன் என்ற எலும்பு மருத்துவர், அவரும் ஓட்டக்காரர். 90-களின் நடுவில் அவருக்கே இந்த வலி வந்தது. தன் மேலதிகாரியிடம் போய் எனக்கு ஆபரேஷன் செய்யுங்கள் என்று கேட்டார். ஆபரேஷன் செய்தால் இவர் பல வாரம் லீவில் போவார், ஆஸ்பத்திரிக்குத் தாங்காது, அதனால் முடியாது என்றுவிட்டார் அவர். ஆல்ஃப்ரட்சன் என்ன யோசித்தார் தெரியுமா? நாண் அறுந்துவிட்டால் ஆபரேஷன் செய்துதானே ஆக வேண்டும்! சரி, அறுத்துவிடுவோம் என்று படிக்கட்டில் நின்று, வலிக்கிற குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கி இறக்கி, வலிக்க வலிக்கச் செய்தார். அறவில்லை. வலி போய்விட்டது.

லீவு கொடுக்காத ஒரு அதிகாரியால் உலகத்துக்குக் கிடைத்த வைத்தியம் இது. நம் ஊர் அலுவலகங்களிலிருந்து இதுவரை எத்தனை கண்டுபிடிப்பு வந்திருக்க வேண்டும்!

அப்புறம் அவர் அதை முறைப்படி செய்து பார்த்தார். 1998-இல் வந்த கட்டுரை. ஆபரேஷனுக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்கள், 12 வாரம். ஒரு தடவைக்கு முட்டியை நேராக வைத்து 15 முறை மூன்று செட், முட்டியை லேசாக மடக்கி 15 முறை மூன்று செட். காலையும் மாலையும். கூட்டிப் பார், ஒரு நாளைக்கு 180. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. முடிவில் பதினைந்து பேரும் பழையபடி ஓடினார்கள். உனக்குள் இருக்கிற ஆடிட்டர் இப்போது முனகுவது கேட்கிறது. பதினைந்து பேரை வைத்து ஒரு ஆராய்ச்சியா, சீட்டுக் குலுக்கிப் பிரிக்காமலா? நியாயம்தான். பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் நூற்றுக்கு நூறு எங்கேயும் வரவில்லை. ஆனாலும் அடிப்படை நின்றுவிட்டது. இந்த நாணுக்கு ஓய்வு மருந்து கிடையாது, சுமைதான் மருந்து.

அதே ஆள் இன்னொன்றும் செய்தார். வலிக்கிற நாணுக்குள் மெல்லிய குழாயை விட்டு, அழற்சி இருந்தால் ஏறியிருக்க வேண்டிய வேதிப்பொருள் ஏறியிருக்கிறதா என்று அளந்து பார்த்தார். ஏறவில்லை. ஆகவே நீ விழுங்குகிற வலி மாத்திரை வீக்கத்தைக் குறைக்கிறது என்று நினைத்தால், இல்லாத நெருப்பில் தண்ணீர் ஊற்றுகிறாய். இருபத்தைந்து வருஷமாய் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதுகிற நானே எத்தனை பையன்களிடம் "ஐஸ் வை, ரெஸ்ட் எடு, ஸ்ப்ரே அடி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். 1978-இல் ரெஸ்ட், ஐஸ், கட்டு, தூக்கி வைத்தல் என்ற நான்கையும் ஒரே சூத்திரமாக்கிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின்கூட 2014-இல், ஐஸ் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம், முழு ஓய்வும் அப்படித்தான் என்று தானே எழுதிவிட்டார். என் பி.டி. அலமாரியில் அந்தச் சூத்திரம் போட்ட சார்ட் இன்னும் தொங்குகிறது. கழற்ற வேண்டும்.

இனி நீ முக்கியமாய்க் கேட்ட ஊசி. உன் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றி, அதில் ஒரு பங்கைத் திரும்ப நாணில் ஏற்றுகிற பி.ஆர்.பி. ஊசி. அதற்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் எனக்கே குதிகால் வலித்தது. 2010-இல் நெதர்லாந்தில் 54 பேருக்கு, பாதிப் பேருக்கு இந்த ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர் என்று போட்டார்கள், இரண்டு கூட்டத்துக்கும் பயிற்சி உண்டு. வித்தியாசம் இல்லை. சின்ன ஆராய்ச்சி என்று சொல்வாய் என்பதற்காகவே 2021-இல் பிரிட்டனில் 240 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள் போல. அதிலும் பொய் ஊசிக்கும் மெய் ஊசிக்கும் ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஸ்டெராய்டு ஊசி வேறு கதை. அது சில வாரத்துக்கு அருமையாக இருக்கும், அதனால்தான் ஆபத்து. வலி இல்லை என்று ஓடிவிடுவாய்.

இப்போது நீ செய்ய வேண்டியது. அவசரப்பட்டு இன்றைக்கே படிக்கட்டில் ஏறி நிற்காதே. வலி எங்கே என்று முதலில் பார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நாணைக் கிள்ளிக்கொண்டே மேலே போ. எலும்பிலிருந்து இரண்டு விரல் அகலம், மூன்று விரல் அகலம் மேலே தடித்து வலித்தால் அது நடுப்பகுதி, ஆல்ஃப்ரட்சன் முறை அதற்குத்தான். எலும்பில் நாண் ஒட்டுகிற இடத்திலேயே வலித்தால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காதே, அங்கே நாண் எலும்போடு நசுங்குகிறது. அந்த இடத்தில் வலி இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் இந்த முறை பலித்தது. தரையோடு நிறுத்திக்கொண்டபோது மூன்றில் இரண்டு பேர் தேறினார்கள். நான் இது தெரியாமல் முதல் மாதம் முழுக்கத் தவறாகச் செய்து, எல்லாம் சுத்தப் புளுகு என்று முடிவே கட்டிவிட்டேன். எனக்கு எலும்பு ஒட்டுகிற இடத்தில்தான். தரையில் நின்று செய்ய ஆரம்பித்த பிறகுதான் ஐந்தாறு வாரத்தில் காலை நொண்டல் குறைந்தது.

நடுப்பகுதி என்றால்: படியின் விளிம்பில் முன்பாதத்தால் நில், நல்ல காலால் எம்பு, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாக இறங்கு. ஏறுவதற்கு வலிக்கிற காலைப் பயன்படுத்தாதே. கைப்பிடியைப் பிடித்துக்கொள், கௌரவம் பார்க்காதே. வலிக்காமல் செய்ய வந்துவிட்டால் ஒரு பையில் புத்தகத்தைப் போட்டு முதுகில் மாட்டிக்கொள், வருமான வரிச் சட்டப் புத்தகம் உன்னிடம் இருக்குமே, அது போதும். 180 எல்லாம் என்னால் முடியாது என்றால் ஒரு மாற்று உண்டு. டென்மார்க்கில் 58 பேரை வைத்து, வாரத்துக்கு மூன்றே நாள், ஜிம்மில் கனமான எடையோடு மெதுவாக ஏறி இறங்குகிற முறையை ஆல்ஃப்ரட்சன் முறையோடு ஒப்பிட்டார்கள், 2015-இல். பலன் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் விட்டுவிடாமல் செய்தவர்கள் இதில் அதிகம். உன்னைத் தெரிந்தவன் என்ற முறையில் உனக்கு இதுதான் சரி என்பேன். தினமும் இரண்டு வேளை செய்கிற ஆளா நீ? பல் தேய்ப்பதே சந்தேகம்.

வலிக்குமே என்றாய். வலிக்கும். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் 38 பேரை வைத்து ஒரு கணக்கு செய்தார்கள். பத்துக்கு ஐந்து வரை வலியை அனுமதித்தார்கள், மறுநாள் காலைக்குள் அது அடங்க வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறக் கூடாது. அதற்குள் இருந்தவரை ஓடிக்கொண்டே பயிற்சி செய்தவர்களும், ஆறு வாரம் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்தவர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள். அதனால் ஜனவரி மாரத்தானுக்கு நீ பணம் கட்டின பத்து கிலோமீட்டரை இப்போதே கேன்சல் செய்யாதே. நேரத்தைப் பற்றிய கனவை மட்டும் கேன்சல் செய்.

ஸ்கேன் மறுபடி எடுக்கலாமா என்று கேட்காதே. உள்ளே கெட்டுப்போன பகுதி கெட்டபடியே படத்தில் தெரியலாம், வலி மட்டும் போயிருக்கும். சுற்றியிருக்கிற நல்ல நாரை வலுவாக்குகிறோம், அவ்வளவுதான். ஏன் இது வேலை செய்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

ஒரு விஷயம் விளையாட்டில்லை. போன ஆவணியில் உனக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாயே, அது சிப்ரோஃபிளாக்சசினா, லீவோஃபிளாக்சசினா என்று பழைய சீட்டைத் தேடிப் பார். அந்த வகை மருந்துகள் இந்த நாணைப் பலவீனமாக்கி அறுக்கவும் கூடும், அமெரிக்காவில் 2008-லேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்தார்கள். அதுவாக இருந்தால் எந்தப் பயிற்சிக்கும் முன்னால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடு. சுகரும் பார்த்துவிடு, அதுவும் நாணைக் கெடுக்கும். ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி "டப்" என்று கேட்டு, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்றால், அன்றைக்கு இந்தக் கடிதத்தைத் தேடாதே, நேராக ஆஸ்பத்திரி.

அண்ணிக்கு என் விசாரிப்பைச் சொல். இதையெல்லாம் நீ செய்வாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லாததால், அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

கிள்ளிப் பார்த்துவிட்டு, வலி எலும்பிலா, அதற்கு மேலேயா, அதை மட்டும் இன்று ராத்திரிக்குள் சொல். ஊசிக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அதையும் சொல், எப்படித் திரும்பக் கேட்பது என்று யோசிப்போம்.

உன் பழைய மூன்றாவது லெக்,
பாளையங்கோட்டையிலிருந்து