அப்பாவுக்காக ஆராய்ச்சிக்கு வராதே, மக்களே

அன்புள்ள மக்களே,

உன் வாட்ஸ்ஆப் செய்தியை மூன்று தடவை படித்தேன். "அப்பாவக் கொண்டுபோன நோய நான் பிடிக்கணும் சித்தி, எந்த லேப்ல சேரட்டும்?" என்று கேட்டிருக்கிறாய். உனக்கு மட்டும் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இதே கேள்வியோடு வருஷத்துக்கு நாலைந்து பிள்ளைகள் எனக்கு எழுதுகிறார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு சாவு இருக்கிறது. அதனால் அக்காவிடம் கேட்டுவிட்டு இதைப் பொதுவிலேயே போடுகிறேன்.

அப்பாவுக்காக வராதே. கோபமாக இருக்கும். இருக்கட்டும், மேலே படி.

உன் அப்பாவை, என் அத்தானை, கொண்டுபோனது பெருங்குடல் அழற்சி; குடலின் உள்சுவர் வீங்கிப் புண்ணாகிக்கொண்டே இருந்து கடைசியில் கட்டி வைத்த நோய். நான் செய்வது குடலின் நோயெதிர்ப்பு ஆராய்ச்சி. இந்த வேலை எதைப் பற்றியது என்று உனக்குச் சொல்லப் பாடப்புத்தகம் வேண்டாம். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அத்தானோடு ரப்பர் தோட்டத்துக்குப் போனவள் நீ. பால் வெட்டும்போது கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். தடியைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை வழவழப்பாக வராது, முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் அத்தான் வெட்டிய மரத்தைத் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்பார்கள். அவ்வளவு சுத்தமான கை.

குடலின் உள்சுவரும் ஒரு பட்டைதான். ஒற்றை அடுக்குச் செல்கள், நாலைந்து நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றன. அதற்கு அந்தப் பக்கம் கிருமிகள். நம் உடம்பில் மொத்தம் 38 லட்சம் கோடி பாக்டீரியா என்று 2016-இல் ஒரு கணக்கு வந்தது. பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. இவ்வளவு கூட்டத்துக்குப் பக்கத்தில் காவல் நிற்பது பிறவி நோயெதிர்ப்பு. முன்பின் பார்த்திராத கிருமியாக இருந்தாலும் அதன் பொது அடையாளத்தைப் பார்த்தே விழித்துக்கொள்ளும். அப்படி அடையாளம் காண்பவை உணர்விகள் என்ற புரதங்கள். 1996-இல் ஈயிலும் 1998-இல் எலியிலும் இந்த உணர்விகளின் வேலை தெளிவானது. அதைக் கண்டுபிடித்த ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் 2011-இல் நோபல் கிடைத்தது. அதெல்லாம் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான நெட் தேர்வுக்கு நீ எப்படியும் படிப்பாய்.

என்னை இந்தத் துறையில் கட்டிப்போட்டது வேறு. அந்த உணர்விகளின் சேதியைச் செல்லுக்குள் கடத்துகிற புரதம் ஒன்று உண்டு, மைடி88 என்று பேர். 2004-இல் நோயெதிர்ப்பு ஆய்வாளர் மெட்ஷிட்டோவின் ஆய்வகம் ஒரு முடிவை வெளியிட்டது: அது இல்லாத எலிக்குக் குடலில் காயம் பட்டால் ஆறுவதில்லை, எலி செத்துப்போகிறது. காவலைக் குறைத்தால் அழற்சி குறையும் என்று நினைத்தவர்களுக்கு அது ஓர் அடி. 2007-இல் அதே ஆய்வகம் இன்னொன்று சொன்னது: குடலில் கட்டி வரும் வம்சத்து எலியில் அதே புரதத்தை எடுத்துவிட்டால் கட்டிகள் குறைகின்றன. காயத்தை ஆற்றுகிற கைதான் கட்டியையும் வளர்க்கிறது. மூன்று வருஷ இடைவெளியில் ஒரே இடத்திலிருந்து வந்த இந்த இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்து படித்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அத்தானுக்கு நடந்ததும் இதுபோலத்தான். பத்து வருஷத்துக்கு மேல் பெருங்குடல் புண்பட்டும் ஆறியும், மறுபடி புண்பட்டும் கிடந்தது. வெட்டிய இடத்திலேயே திரும்பத் திரும்ப வெட்டு.

இப்போது எலிக் கதை. நான் பிஎச்டி செய்யும்போது ஒரு மரபணு நீக்கிய எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் குடிதண்ணீரில் டெக்ஸ்ட்ரான் சல்பேட் என்ற ரசாயனத்தைக் கலந்து கொடுத்தேன். குடல் புண்ணாகும், எடை குறையும், கழிவில் ரத்தம் வரும். ஞாயிறு, கிறிஸ்துமஸ் எதுவும் பார்க்காமல் தினமும் எடை போட வேண்டும். மரபணு நீக்கியவை பயங்கரமாக நலிந்தன. இரண்டு வருஷமும் அதே முடிவு. கட்டுரை எழுதத் தொடங்கியபோது ஒரு சீனியர் கேட்டார்: "ரெண்டையும் ஒரே கூண்டுல வளத்தியா?" இல்லை. எலிகள் ஒன்றின் கழிவை ஒன்று தின்னும். ஒரே கூண்டில் இருந்தால் கிருமிகளும் ஒன்றாகிவிடும். ஒரே தாயின் குட்டிகளாக எடுத்து, ஒன்றாக வளர்த்துத் திரும்பச் செய்தேன். வித்தியாசம் காணாமல் போயிற்று. இரண்டு வருஷமும் நான் பார்த்தது மரபணுவை அல்ல, இரண்டு கூண்டுகளின் கிருமிகளை.

அன்று நான் யாருக்காகவாவது பழிவாங்க வந்திருந்தால் அந்த வாரமே பெட்டியைக் கட்டியிருப்பேன். "அப்போ அந்தக் கிருமி எது?" என்று ஓர் அரிப்பு வந்ததால்தான் தங்கினேன். அந்த அரிப்பு உனக்கு இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். துக்கம் உனக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்கவில்லை.

நம்ம ஊரிலேயே பார். எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய அறுவை மருத்துவர் சாமர்வெல், 1922 பயணம் முடிந்து நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தபோது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக் கூட்டத்தைக் கண்டு, லண்டன் வேலையை உதறிவிட்டு வந்தார். தென் திருவிதாங்கூரில் முன்சிறுகுடல் புண் அவ்வளவு அதிகம். அவரும் உடனிருந்தவர்களும் வயிற்றைத் திறந்து திறந்து அறுவை செய்தார்கள். காரணத்தைச் சாப்பாட்டில் தேடினார்கள்; நம் மரச்சீனிக் கிழங்கும் மிளகாய் வற்றலும் குற்றவாளிக் கூண்டில் நின்றன. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ஷலும் வாரனும் அந்தப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். (மரச்சீனி முழுசாக விடுதலை ஆகவில்லை என்பது என் எண்ணம். அந்தக் கிருமி நாடு முழுக்க இருக்கும்போது தெற்கில் புண் ஏன் அவ்வளவு?) நெய்யூரில் பிழைத்தவர்களைப் பிழைக்க வைத்தது கத்தி. விடை வந்தபோது அவர்களில் பலர் இல்லை.

இன்னும் வர வேண்டும் என்று தோன்றினால், இங்கே வேலை கிடக்கிறது. குரோன் என்று இன்னொரு குடல் அழற்சி நோய் உண்டு. 2001-இல் அதற்கு முதலில் பிடிபட்ட மரபணு நாட்2; வெள்ளைக்காரர்களிடம் கண்ட அதன் மூன்று மாற்றங்களும் நம் நோயாளிகளிடம் மிக அரிது. நம்மவர்களுக்கு வேறு ஏதோ நடக்கிறது. போதாததற்குக் குடல் காசநோயும் குரோனும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறியாமல் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை தின்றவர்கள் எத்தனையோ பேர். ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் வரும், சிலசமயம் பிந்தி வரும். திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையம் இருக்கிறது, சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடலாம். லேபை விட வழிகாட்டியைப் பார்த்துச் சேர். அவரிடம் படித்த பழைய பிள்ளைகளிடம் தனியாகப் பேசிவிட்டுச் சேர்.

கடைசியாக ஒன்று. தம்பிக்கு இரண்டு மாதமாக வயிறு சரியில்லை, ரத்தமும் போகிறது, "சூடு"தான் என்று மோர் குடிக்கிறான் என்று அக்கா சொன்னாள். இதையும் பொதுவில் எழுதுகிறேனே என்று அவன் வெட்கப்படுவான். அத்தானும் வெட்கப்பட்டார். மூலம் என்று ஒருவர் கொடுத்த மருந்தை வருஷக்கணக்கில் ரகசியமாகப் போட்டுக்கொண்டார். பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி என்ற வார்த்தையை அவரிடம் முதன்முதலில் யாரோ சொன்னபோது கட்டி முற்றியிருந்தது. இந்தக் குடல் அழற்சி வீட்டில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

விண்ணப்பமெல்லாம் அப்புறம். திங்கட்கிழமை அவனைக் குடல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அப்பாவுக்கு என்ன இருந்தது என்பதை நீயே முதலில் சொல், அவன் சொல்ல மாட்டான். பழைய பயாப்சி ரிப்போர்ட் அக்காவின் இரும்புப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது. அதையும் எடுத்துக்கொள்.

உன் சித்தி