சட்டை போட்ட சிம்பன்சிப் படம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிம்பன்சிக் குட்டிக்குச் சட்டை மாட்டி, புட்டியில் பால் கொடுத்து எடுக்கும் காணொளிகள் கைபேசிகளில் ஓயாமல் சுற்றுகின்றன. பத்திரிகைகளும் அவ்வப்போது அதையே ரசிக்கத்தக்க துணுக்காக வெளியிடுகின்றன. அந்தக் குட்டியின் தாய் எங்கே என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பெரும்பாலும் தாய் செத்திருக்கும். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் போன்ற மனிதக் குரங்குகளின் குட்டிகள் தாயின் உடம்பைப் பற்றிக்கொண்டே வளர்கின்றன. உயிரோடு இருக்கும்வரை தாய் குட்டியை விடாது. அதனால் வேட்டைக்காரர்கள் முதலில் தாயைச் சுடுகிறார்கள். சிம்பன்சிகளும் கொரில்லாக்களும் கூட்டமாக வாழ்பவை. காப்பாற்ற வருகிற மற்றவையும் சேர்ந்தே சாகின்றன. பிடிபட்ட குட்டிகளிலும் பல, வாங்குகிறவர் கைக்குப் போவதற்குள் பசியாலும் காயத்தாலும் இறந்துவிடுகின்றன. 2005 முதல் 2011 வரை குறைந்தது 22,000 மனிதக் குரங்குகளை இந்தக் கள்ள வணிகத்துக்கு இழந்திருக்கிறோம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. ஒரு பெண் ஒராங்குட்டான் அடுத்த குட்டியை ஈன ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். இந்த இழப்பைக் காடு எப்படி ஈடுகட்டும்?

சட்டம் இல்லாமல் இல்லை. சிம்பன்சி, கொரில்லா, சிம்பன்சிக்கு நெருங்கிய உறவான போனோபோ, ஒராங்குட்டான், சிறு மனிதக் குரங்கான கிப்பன் எல்லாமே, காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. காட்டில் பிடித்தவற்றை நாடு விட்டு நாடு விற்கக் கூடாது. ஆனாலும் 2024 டிசம்பரில், நைஜீரியாவிலிருந்து தாய்லாந்துக்குப் போகவிருந்த ஒரு சரக்குப் பெட்டிக்குள் ஐந்து மாதக் கொரில்லாக் குட்டி இருந்ததை இஸ்தான்புல் விமான நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். வாங்க ஆள் இருப்பதால்தானே அனுப்புகிறார்கள்? அந்த ஆசையை வளர்ப்பதில் நாம் பார்க்கிற படங்களுக்குப் பங்கு உண்டு என்பதுதான் என் கவலை.

இது வெறும் ஊகம் அல்ல. 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரே சிம்பன்சிப் படத்தைச் சிலருக்கு மனிதர் பக்கத்தில் நிற்பதுபோலவும், சிலருக்கு மனிதர் இல்லாமலும் காட்டினார்கள். மனிதர் நிற்கும் படத்தைப் பார்த்தவர்கள், காட்டில் இந்த இனம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்புவதற்கு 35 சதவீதம் அதிக வாய்ப்பு இருந்தது. வளர்ப்புப் பிராணியாக வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. சட்டைகூட வேண்டாம், பக்கத்தில் ஓர் ஆள் நின்றாலே போதும்!

வாங்கியவருக்கும் அந்த மகிழ்ச்சி நீடிப்பதில்லை. சில வருடங்களில் குட்டி பலசாலியாகிவிடும், கடிக்கும். அப்புறம் கூண்டுதான். நாற்பது, ஐம்பது வருடம் வாழக்கூடிய உயிர் அது. மீட்கப்பட்டாலும் நேராகக் காட்டில் விட முடியாது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசா அருகே இருக்கும் 'லோலா யா போனோபோ' காப்பகத்தில், அநாதைக் குட்டிகளைப் பெண்கள் வளர்ப்புத் தாய்களாக இருந்து தேற்றுகிறார்கள். அரிய பணி, ஆனால் காட்டுக்குத் திரும்புகிறவை சிலவே.

மீட்பவர்களின் படங்களிலும் கவனம் தேவை. பராமரிப்பாளர் குட்டியைக் கொஞ்சும் படம் நல்ல எண்ணத்தில்தான் எடுக்கப்படுகிறது. ஆனால் பகிரப் பகிர விளக்கம் உதிர்ந்து, கொஞ்சல் மட்டும் மிஞ்சுகிறது. இதற்காகவே சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் குரங்கின நிபுணர்கள் 2021-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறார்கள்.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். உடை உடுத்திய, மனிதர் மடியில் இருக்கும் மனிதக் குரங்குப் படங்களைத் துணுக்காக வெளியிடாதீர்கள். செய்திக்கு அவசியமானால், அந்தக் குட்டி எங்கிருந்து, எப்படி வந்தது என்பதைப் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள். அது தெரியவில்லை என்றால் படத்தை விட்டுவிடுங்கள். வாசகர்களும் அப்படியொரு காணொளியைக் கண்டால் விருப்பக்குறி போடாமல், பகிராமல், அந்தத் தளத்திடம் புகார் செய்யலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்