முளைக்காத பல்லுக்கு ஒரு சிகிச்சைத் திட்டம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: எக்ஸ்ரே பார்க்காமல் வகுத்த அலைனர் சிகிச்சை – கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

பற்களை நகர்த்திச் சீராக்க ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி அணியும் பிளாஸ்டிக் உறைகளான உங்கள் அலைனர்களை அணிந்துவந்த 14 வயதுப் பெண்ணின் தாய் நான். அவளுடைய கீழ்த்தாடையில் இருபுறமும், கடைவாய்ப் பற்களுக்குச் சற்று முன்னால் வரவேண்டிய இரண்டாம் முன்கடைவாய்ப் பற்கள் பிறவியிலேயே உருவாகவில்லை. அந்த இடங்களில் இருப்பவை விழாமல் தங்கிவிட்ட பால் பற்கள். வேறொரு பல் மருத்துவர் எடுத்த முழுவாய் எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே இது தெரியவந்தது. நீங்களோ வாயின் ஸ்கேனையும் சில புகைப்படங்களையும் மட்டும் வாங்கிக்கொண்டு, அவ்விரண்டையும் நிரந்தரப் பற்களாகக் கணக்கிட்டு, நகர்த்துவதற்கும் திட்டம் போட்டுவிட்டீர்கள்.

இடப்பக்கப் பால் பல் தாடை எலும்போடு ஒட்டிப்போயிருக்கிறது. அப்படி ஒட்டிய பல் எந்த அழுத்தத்துக்கும் நகராது என்று மருத்துவர் விளக்கினார். பற்கள் எப்படி நகரும் என்று காட்டும் உங்கள் அனிமேஷனில் அது அழகாக நகர்ந்தது. என் மகளின் வாயில் அசையவே இல்லை. அலைனர் அந்தப் பல்லின் மேல் மட்டும் பொருந்தாமல் தூக்கிக்கொண்டு நின்றது. படம் எடுத்து அனுப்பினோம். அலைனரைப் பல்லில் அழுத்திப் பொருத்துவதற்கான ரப்பர் உருளையை இன்னும் நன்றாகக் கடிக்கச் சொன்னீர்கள். தாடை வலிக்கும்வரை கடித்தாள். முந்தைய அலைனருக்குத் திரும்பச் சொன்னீர்கள், திரும்பினோம். சரியாக அணிந்திருக்கமாட்டாள் என்று கடைசியில் பழியையும் அவள் மேலேயே போட்டீர்கள். பக்கத்துப் பற்களைவிட அந்தப் பல் தாழ்ந்து கிடப்பது நான் அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. அங்கே இருக்கும் பால் கடைவாய்ப்பல்லின் அகலம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். அந்த இடத்துக்கு வரவேண்டிய நிரந்தரப் பல்லுக்கு 7 மில்லிமீட்டர்தான். பல் மருத்துவம் படித்த ஒருவர் ஸ்கேனைத் திறந்து பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும்.

"பிறவிக் குறைபாடுகளுக்கு நிறுவனம் பொறுப்பாகாது" என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். குறைபாட்டுக்கு உங்களைப் பொறுப்பாக்குவது என் நோக்கமல்ல. அதைத் தேடிப் பார்க்காமல் சிகிச்சையைத் தொடங்கியதைத்தான் கேட்கிறேன். ஞானப்பற்களை விட்டுவிட்டால், அதிகமாக உருவாகாமல் போகும் பற்களில் முதல் வரிசையில் இருப்பவை கீழ்த்தாடையின் இந்த இரண்டாம் முன்கடைவாய்ப் பற்களும் மேல்தாடையில் நடு முன்பற்களுக்கு இருபுறமும் உள்ள பக்கவெட்டுப் பற்களும். 100 பேரில் ஐந்தாறு பேருக்கு இப்படி ஏதேனும் ஒரு பல் இருக்காது. பல்வரிசையைச் சீராக்குவதையே தொழிலாகக் கொண்ட உங்களுக்கு இது அபூர்வச் செய்தியாக இருக்க முடியாது.

இது பெரும்பாலும் குடும்பவழியில் வருவது. என் தங்கைக்கும் ஒரு பக்கவெட்டுப் பல் கிடையாது. உங்கள் விண்ணப்பப் படிவம் பற்களின் நிறத்தைப் பற்றியும் புன்னகையைப் பற்றியும் நிறையக் கேட்கிறது. வீட்டில் யாருக்காவது பல் முளைக்காமல் போனதா என்று ஒரு வரி கேட்கவில்லை.

இதில் முதலில் எடுக்கவேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது. பால் பல்லைத் தக்கவைத்துக்கொள்வதா, எடுத்துவிட்டு இடைவெளியை மூடுவதா, இல்லை, பின்னாளில் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க இடம் விட்டுவைப்பதா? இம்பிளான்ட் எலும்போடு இறுகிவிடும். தாடை வளரும்போது கூடவே எழும்பாது. அதனால் வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கவேண்டும். இதையெல்லாம் தீர்மானித்த பிறகுதான் மற்றப் பற்களில் கை வைக்கவேண்டும். நீங்கள் முன்பற்களை முதலில் நகர்த்திவிட்டீர்கள். இப்போது சிகிச்சையை ஏற்றிருக்கும் நிபுணர், அவற்றில் சிலவற்றைப் பழைய இடத்துக்கே கொண்டுபோக வேண்டியிருக்கும் என்கிறார்.

எனவே, செலுத்திய கட்டணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். அடுத்த சிகிச்சைக்கான தள்ளுபடிக் கூப்பன் எங்களுக்கு வேண்டாம். என் மகளின் ஸ்கேன் கோப்புகளையும் சிகிச்சைத் திட்டத்தையும் முழுமையாக ஒப்படையுங்கள். அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தவர் பற்சீரமைப்பு நிபுணரா, அவர் எந்த எக்ஸ்ரேயைப் பார்த்து ஒப்புதல் அளித்தார் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு முழுவாய் எக்ஸ்ரே இல்லாமல் ஒரு அலைனர்கூட அனுப்புவதில்லை என்ற விதியை இனியாவது கொண்டுவாருங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் முறையிடுவேன். எக்ஸ்ரேயின் நகலையும் மருத்துவரின் அறிக்கையையும் இணைத்திருக்கிறேன். தொலைபேசியில் சமாதானம் சொல்ல யாரும் அழைக்கவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரின் தாய்