அக்டோபர் 8 அன்று பள்ளிக்கு வரும் முன்னாள் படைக்காரர்கள்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. போன பெற்றோர் கூட்டத்தில் உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சோர்ந்துபோய் இருக்கிறார்கள், பொதுத்தேர்வுக்கு முன்னால் ஒரு நல்ல தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிடக் கூடாதா? நியாயமான கேள்வி. ஆசிரியர்களோடும் பள்ளி மேலாண்மைக் குழுவோடும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அக்டோபர் 8 விமானப்படை நாள். 1932-இல் அந்தத் தேதியில்தான் இந்திய விமானப்படை தொடங்கப்பட்டது. அன்று மதியம் நம் பள்ளிக்கு மூன்று பேர் வருகிறார்கள். மூவருமே மேடைப் பேச்சைத் தொழிலாகக் கொண்டவர்கள் இல்லை. ஒருவர் விமானப்படையில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்தவர். இன்னொருவர் பாராசூட்களைச் சோதித்து மடித்து வைக்கும் பிரிவில் இருந்தவர். மூன்றாமவர் ராணுவச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. மூவரும் சூலூர் பக்கத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள். காய்கறிச் சந்தையில் உங்களுக்கு முன்னால் நின்று தக்காளி எடுத்திருப்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஏன் இவர்கள்? ஒரு கதை உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி ஒருவரிடம் உணவகத்தில் யாரோ ஒருவர் வந்து, "உங்கள் பாராசூட்டை மடித்து வைத்தவன் நான்தான்" என்று சொல்லும் கதை. பெயர் இல்லாமல் சுற்றுவதால் பலர் அதைக் கற்பனை என்றே நினைக்கிறார்கள். அந்த விமானியின் பெயர் சார்லஸ் பிளம்ப். அமெரிக்கக் கடற்படைக்காரர். வியட்நாம் போரில் கிட்டி ஹாக் என்ற விமானம் தாங்கிக் கப்பலில் இருந்து ஃபான்டம் போர் விமானம் ஓட்டினார். 1967 மே மாதம், தன் 75ஆவது தாக்குதல் பறப்பில் அடிபட்டு, பாராசூட்டில் குதித்து, சிறைப்பட்டார். விடுதலையானது 1973-இல். கிட்டத்தட்ட ஆறு வருடச் சிறை. ஊர் திரும்பியவர் பேச்சாளரானார். ஆயிரக்கணக்கான மேடைகளில் பேசக்கூடிய அளவுக்கு அவரிடம் சிறை அனுபவம் இருக்கிறது. ஆனாலும் உலகமெல்லாம் போய்ச் சேர்ந்தது அவர் அனுபவித்த கொடுமை இல்லை, பாராசூட் மடித்த அந்த மாலுமியின் கதைதான். கப்பலில் அந்த மனிதரை எத்தனை முறை கடந்து போயிருப்போம், ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல், என்று யோசித்து அன்று இரவு தூக்கம் வரவில்லை என்கிறார் பிளம்ப்.

நம் ஊரில் அந்த மாலுமியைப் போன்றவர்கள் நிறைய இருக்கிறார்கள். விமானி ஒருவர் மேலே போக, கீழே பலர் வேலை பார்க்க வேண்டும். அவர்களில் பலர் சூலூர் விமானப்படைத் தளத்திலும், விமானங்களைப் பழுது பார்க்கும் பணிமனையிலும் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர்கள். பேச்சாளர் என்று யாரும் அவர்களைக் கூப்பிட்டதில்லை.

எஞ்சின் பிரிவில் இருந்த அய்யா, என்ன பேசலாம் என்று கேட்க ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். பேச்சை விட்டுவிட்டு, ஆசிரியர் அறையில் இருந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வரைய ஆரம்பித்தார். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாம் மாட்டும் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே பலகையில் பெயின்ட் அடித்திருக்குமாம். வேலை முடிந்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டும்போது எது வரவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒன்று குறைந்தாலும் சரி, அது கிடைக்கும்வரை அந்த விமானம் தரையை விட்டுக் கிளம்பாது. காற்றை உறிஞ்சும் எஞ்சினுக்குள் ஒரு சின்ன நட்டு போனாலும் உள்ளே சுழலும் தகடுகள் சிதைந்துவிடும். அதனால்தான் விமானங்கள் நிற்கும் இடத்தில் ஆட்கள் வரிசையாகக் குனிந்து நடந்து கல், ஆணி, கம்பித் துண்டு எல்லாம் பொறுக்குவார்கள். அப்புறம் கையெழுத்து. செய்த வேலை ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏறும், செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். விமானி அதைப் படித்துத் தானும் கையெழுத்துப் போட்ட பிறகே ஏறுவார். தாம் கையெழுத்துப் போட்ட விமானம் கிளம்பினால், அது திரும்பி வந்து இறங்கும்வரை காது மேலேயே இருக்கும் என்றார் அய்யா.

அவர் போன பிறகு கணித ஆசிரியர் ஒரு விஷயம் சொன்னார். செய்த கணக்கைத் திரும்பச் சரிபார்க்கச் சொல்லி நாம் எத்தனையோ முறை கத்துகிறோம், இந்த அய்யா அந்தப் பலகையை ஒருமுறை கரும்பலகையில் வரைந்து காட்டினால் போதும் என்று. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நல்ல பேச்சாளர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் கைதட்டி, கண் மூடி, "என்னால் முடியும்" என்று பிள்ளைகள் முழங்கிவிட்டு வருவதைவிட, ஒரு வேலையை முழுமையாகச் செய்வது எப்படி இருக்கும் என்பதை, அதையே வாழ்நாள் முழுக்கச் செய்தவர் வாயால் கேட்பது அவர்களிடம் அதிக நாள் நிற்கும்.

இனி மதிப்பெண் பற்றி. இதை நான் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

குரூப் கேப்டன் வருண் சிங்கை உங்களுக்கு நினைவிருக்கும். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரில் இருந்து நீலகிரியில் உள்ள வெலிங்டனுக்குக் கிளம்பி, குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்த ஹெலிகாப்டரில் அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தோடு சென்றவர்களில் ஒருவர். உயிரோடு மருத்துவமனை சேர்ந்து ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15 அன்று பெங்களூரில் இறந்தார். மறைந்தவர்களின் உடல்கள் மலையிறங்கி சூலூருக்கு வந்தபோது வழிநெடுக மக்கள் நின்று பூத்தூவியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இப்போது மேல்வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அப்போது சிறுவர்கள்.

அந்த விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு அவருக்கு வீரச் செயலுக்கான சௌர்ய சக்ரா விருது அறிவிக்கப்பட்டிருந்தது. 2020 அக்டோபர் 12 அன்று பழுது நீக்கிய தேஜஸ் போர் விமானம் ஒன்றைச் சோதித்துப் பார்க்க மேலே எடுத்துச் சென்றார். உயரத்தில் விமானி அறையின் காற்றழுத்தம் கெட்டது. கீழே இறங்கும்போது கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்து விமானம் தலைகுப்புற ஆட ஆரம்பித்தது. ஒரு வழியாகச் சரிசெய்தார், திரும்பவும் கெட்டது. வெளியே குதித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விமானத்தை இறக்கினார்.

விருது கிடைத்ததும் அவர் செய்த காரியம்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. தான் படித்த சண்டிமந்திர் ராணுவப் பள்ளியின் முதல்வருக்கு 2021 செப்டம்பரில் ஒரு கடிதம் எழுதினார், மாணவர்களிடம் சொல்லச் சொல்லி. அதில் தன் சாகசத்தைப் பற்றி அவர் பெருமையடிக்கவில்லை. பள்ளியில் தான் ஒரு சுமாரான மாணவன், பன்னிரண்டாம் வகுப்பில் முதல் வகுப்பை எட்டவே சிரமப்பட்டவன், விளையாட்டிலும் பெரிதாக ஒன்றும் சாதித்ததில்லை என்கிறார். ஆனால் விமானம் என்றால் உயிர். படையில் சேர்ந்த பிறகுதான், மனதை முழுசாக வைத்தால் தன்னாலும் நன்றாகச் செய்ய முடியும் என்று புரிந்ததாம். எல்லோரும் 90 எடுக்க மாட்டார்கள், எடுப்பவர்களைப் பாராட்டத்தான் வேண்டும், எடுக்காதவர்கள் வாழ்க்கை முழுக்கச் சுமாராகவே இருந்துவிடுவோம் என்று எண்ண வேண்டாம் என்று எழுதுகிறார். ஓவியமோ இசையோ இலக்கியமோ, எது பிடிக்கிறதோ அதில் முழு உழைப்பையும் போடுங்கள், இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாமே என்ற எண்ணத்தோடு படுக்கப் போகாதீர்கள் என்கிறார்.

வருண் சிங்கின் அந்தக் கடிதத்தை நம் தமிழாசிரியை அன்று பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லுவார். உங்களுக்கும் சேர்த்துத்தான். விசைத்தறி ஓட்டியும் மில் ஷிப்ட் பார்த்தும் படிக்க வைக்கிறீர்கள், மதிப்பெண் மேல் உங்களுக்கு இருக்கும் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் 60 வாங்கும் பிள்ளை, நீங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டிப் பேசியதை மறுநாள் வகுப்பறைக்கும் சுமந்து வருகிறது. அதை நான் தினமும் பார்க்கிறேன்.

பேச்சில் ஊர்க் கதையும் உண்டு. நம் தலைக்கு மேல் சத்தம் போட்டுப் போகும் விமானங்களைப் பார்த்துப் பழகிவிட்ட பிள்ளைகளுக்கு, இந்த ஓடுபாதையின் வயது தெரியாது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் இது பிரிட்டிஷ் கடற்படையின் கையில் இருந்தது. கோவாவில் இருக்கும் நம் கடற்படையின் ஹன்சா விமானத் தளம் 1961-இல் முதலில் அமைந்தது சூலூரில்தான், 1964-இல் அங்கே போனது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையில் இருந்து நேட் என்ற சிறிய போர் விமானத்தைக் கிளப்பிப் போய் வீரமரணம் அடைந்த நிர்மல்ஜித் சிங் செகோன், போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ராவை விமானப்படையில் பெற்ற ஒரே ஆள். அவருடைய 18ஆவது போர் விமான அணி 2020 மே மாதம் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்றது சூலூரில். அதே அணியில் சேர்ந்துதான் 2024-இல் மோகனா சிங் தேஜஸ் ஓட்டும் முதல் பெண் போர் விமானியானார். மாணவிகள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

சில பெற்றோர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள், இது ஆள் சேர்ப்பு வேலையா என்று. இல்லை. படையில் சேரச் சொல்லி யாரும் பேசப் போவதில்லை. விவரம் வேண்டும் என்று தாமாகக் கேட்கும் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சொல்லப்படும். நன்கொடை, கட்டணம் எதுவும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. உங்கள் குடும்பத்தில் முப்படையில் எதிலாவது வேலை பார்த்தவர் இருந்தால், அவர் சம்மதத்தோடு, செப்டம்பர் முடிவதற்குள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். பழைய புகைப்படம், பதக்கம், சீருடை இருந்தால் அன்று ஒருநாள் மேசையில் வைக்கலாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, மாலையே உங்கள் கையில் திருப்பித் தருவோம். வர விருப்பமில்லாதவர்களை வற்புறுத்த வேண்டாம். சிலருக்குப் பழைய நாட்களைப் பேசுவது கஷ்டம், இறந்துபோன நண்பர்கள் நினைவு வரும்.

இரண்டாவது, பிள்ளைகளை வீட்டிலேயே கொஞ்சம் தயார் செய்யுங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்பது போன்ற கேள்விகள் வேண்டாம். முதல் சம்பளம் என்ன செய்தீர்கள், ராத்திரி வேலையில் தூக்கத்தை எப்படிச் சமாளித்தீர்கள், குழந்தைகளை விட்டு எல்லையில் வேலை பார்த்தது எப்படி இருந்தது என்று கேட்கலாம். கடைசிக் கேள்வியைச் செவிலியர் அம்மாவே கேட்கச் சொல்லியிருக்கிறார்.

நிகழ்ச்சி மதியம் 2 மணிக்கு, பள்ளிக் கலையரங்கில். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாணவர்கள் கலந்துகொள்வார்கள். ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடிந்த பெற்றோர் வாருங்கள், பின்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறோம். எஞ்சின் சத்தத்திலேயே வேலை பார்த்ததால் அந்த அய்யாவுக்கு இடது காது சரியாகக் கேட்காது. கேள்வி கேட்கும் பிள்ளைகள் மேடைக்கு வந்து, அவருடைய வலது பக்கம் நின்று மைக்கில் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்