திங்கட்கிழமைக்கும் ஒரு செய்தி கொடுங்கள்: போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனையின் முடிவில் கொடுக்கப்பட்ட அழைப்பைப் பற்றித்தான் இந்த மடல். "தேவ சித்தத்தை நிறைவேற்றத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றீர்கள். வேறு வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வருவதை மனதில் வைத்துச் சொன்னீர்கள் என்பது எல்லாருக்கும் புரிந்தது. சிலர் எழுந்தார்கள். அவர்களுக்காக நானும் மனதார ஜெபித்தேன். நான் எழுதுவது உட்கார்ந்தே இருந்தவர்களுக்காக. படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் கவனித்துக்கொள்ளும் அக்கா இருந்தார். இரவு வேலை முடித்து, தூங்காமல் நேராக ஆராதனைக்கு வந்த செவிலியர் இருந்தார். படித்து முடித்து வேலை கிடைக்காமல் அலையும் பிள்ளைகள் இருந்தார்கள். இவர்கள் யாருமே தேவ சித்தத்துக்குள் இல்லையா? நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்று தெரியும். ஆனால் வாரத்துக்கு வாரம் எங்கள் காதில் அப்படித்தான் விழுகிறது.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். ஞாயிறு தவிர்த்த ஆறு நாட்களையும் விசுவாசத்தோடு எப்படி வாழ்வது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நம் வாலிபர் ஒருவருக்கு நடந்ததைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். அவர் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறார். வீட்டில் அவர் சம்பளம் மட்டும்தான். கொள்முதல் பில்களில் தொகையைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போடும்படி மேலாளர் நெருக்குகிறார். மறுத்தால் வேலை போகும். போட்டால் மனசாட்சி விடாது. என்ன செய்வதென்று கேட்க, ஆராதனை முடிந்ததும் போதகர் அறைக்குப் போயிருக்கிறார். கிடைத்த பதில்: "ஜெபம் பண்ணுங்க தம்பி, கர்த்தர் வழியைத் திறப்பார்." அதோடு, வாலிபர் கூட்டத்துக்கு ஏன் ஒழுங்காக வருவதில்லை என்றும் ஒரு கேள்வி. வெளியே வந்து அவர் என்னிடம் சொன்னது இது: "ஜெபித்துவிட்டுத்தான் அண்ணா போனேன். நாளைக்குக் காலையில் கையெழுத்துப் போடலாமா கூடாதா என்றுதான் கேட்டேன்."

இந்தக் கேள்விக்கு வேதத்தில் பதில் இல்லாமல் இல்லை. லூக்கா 3ஆம் அதிகாரத்தில், வரி வசூலிக்கும் ஆயக்காரர், வனாந்தரத்தில் பிரசங்கித்த யோவான்ஸ்நானனிடம் வந்து கேட்பதும் இதே கேள்விதான்: போதகரே, நாங்கள் என்ன செய்யவேண்டும்? வேலையை விட்டு வனாந்தரத்துக்கு வா என்று அவர் சொல்லவில்லை. உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாக ஒன்றும் வாங்காதிருங்கள் என்றார். போர்ச்சேவகரும் கேட்டார்கள். ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமலும் பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும் உங்கள் சம்பளமே போதும் என்று இருங்கள் என்றார். தொழிலுக்குத் தகுந்த பதில். அன்று இரவே கடைப்பிடிக்கக் கூடிய பதில். அந்தத் தம்பிக்கும் இப்படி யாராவது ஒருவர் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். மேலாளரிடம் எப்படிப் பேசுவது, எழுத்தில் எதைக் கேட்டு வைப்பது, வேலை போனால் இரண்டு மாதம் சபை எப்படித் தாங்கும் என்றெல்லாம். அதுவும் ஊழியம் இல்லையா?

எரேமியா 29:11 பற்றியும் சொல்லியாக வேண்டும். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று கர்த்தர் நன்மையை வாக்களிக்கும் அந்த வசனம் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி என்பதைப் பிரசங்கத்தில் கேட்ட நினைவே இல்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. அதற்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பெண் கொண்டு பெண் கொடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள். விடுதலைக்கு 70 வருஷம் ஆகும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது அந்தக் கடிதம். கேட்டவர்களில் பலர் அங்கேயே இறந்துபோவார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் கர்த்தர் நோக்கத்தைக் கொடுத்தார். பிடிக்காத ஊரில், தாங்கள் தேர்ந்தெடுக்காத வாழ்க்கையில், அன்றாட வேலையின் நடுவில்.

அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவன் வருகிறான். பாபிலோனுக்குக் கொண்டுபோனதெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பி வரும் என்று ஆலயத்தில் நின்று சொன்னவன். கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும். கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்கிறது வேதம். ஐயா, கோபத்தோடு எழுதுகிறேன், மன்னியுங்கள்: இந்த மாதம் கதவு திறக்கும், இந்த வருஷம் உயர்வு வரும் என்று மேடையில் சொல்லும்போது அனனியாவை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லையா? சாட்சி சொல்ல அழைக்கப்படுகிறவர்களும் பதவி உயர்வு பெற்றவர்கள், வீடு வாங்கியவர்கள், வெளிநாடு போனவர்கள். பதவி உயர்வு வராமலேயே உண்மையாக உழைக்கிறவரை யாரும் மைக் முன்னால் அழைப்பதில்லை. கட்டட நிதிக்கு எங்கள் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளத்தை நாங்கள் எப்படிச் சம்பாதிக்கிறோம் என்று மட்டும் கேட்க ஆள் இல்லை. இது சரியா?

கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன். உங்கள் பாரமும் எனக்குத் தெரியும். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதும் துக்க வீட்டில் கூடவே உட்கார்ந்திருப்பதும் நீங்கள்தான். அந்த அன்பை நம்பித்தான் பணிவாகக் கேட்கிறேன்.

கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தில் "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்று பவுல் எழுதியது அடிமைகளாக இருந்த விசுவாசிகளுக்கு. எந்த வேலை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாதவர்கள் அவர்கள். யாரும் பார்க்காத வேலையைக் கிறிஸ்து பார்க்கிறார், அவருக்கே செய்கிறீர்கள் என்று அவர்களிடம் சொன்னார். மாமியாரைத் துடைத்துவிட்டுச் சோறு ஊட்டும் அந்த அக்காவுக்கு இந்த வசனத்தைவிட வேறென்ன வேண்டும்? அவருக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னார்களா? ஊழியத்தில் பயன்பட வேண்டிய தாலந்து, அதாவது திறமை, வீட்டில் வீணாகிறதே என்று ஒரு மூத்த விசுவாசி அவரிடம் வருத்தப்பட்டாராம். அன்றிலிருந்து அவர் முகமே வாடிக் கிடக்கிறது.

கூடாரம் தைத்தவர் பவுல். யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற விசுவாசி இறந்தபோது, அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளைத்தான் விதவைகள் பேதுருவிடம் அழுதுகொண்டே காட்டினார்கள். நம் ஆண்டவரை ஊரார் தச்சன் என்றே அறிந்திருந்தார்கள். செருப்புத் தைப்பவரும் கொல்லரும் விவசாயியும் தங்கள் தொழிலில் இருந்தபடியே ஆசாரியர்கள்தான் என்று 1520இலேயே சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதினார். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லவில்லை. தெரிந்ததை எங்களுக்கும் சொல்லுங்கள் என்கிறேன்.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன்: ஆறு நாட்களை எப்படி வாழ்வது என்று கற்றுக்கொடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது வேலையைப் பற்றி, வீட்டைப் பற்றி, வேலை இல்லாத நாட்களைப் பற்றிப் பிரசங்கியுங்கள். வீடு சந்திக்க வரும்போது, எங்கள் வேலையில் எது கடினம் என்று ஒரு கேள்வி கேளுங்கள். மிஷனரிகளை வாழ்த்தி அனுப்புவதுபோல, ஆசிரியர்களையும் ஓட்டுநர்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் வீட்டில் நோயாளியைப் பார்க்கிறவர்களையும் ஒரு நாள் முன்னே அழைத்து, 90ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்லி ஜெபியுங்கள்: "எங்கள் கைகளின் கிரியையை எங்களிடத்தில் உறுதிப்படுத்தும்."

அந்தத் தம்பி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மாதக் கடைசிக்குள் மேலாளர் திரும்பக் கேட்பார். அதற்கு முன்னால் ஒரு மாலை நேரம் ஒதுக்கி அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மூப்பர்களில் கணக்கும் சட்டமும் தெரிந்தவர்கள் உண்டு, அவர்களையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். எப்போது வரலாம் என்று சொன்னால் நானே அழைத்து வருகிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
சபையில் ஒரு சகோதரன்